மாதத் தேர்வுக்கே எழுத ஆள் தருவார்களா? டிஸ்லெக்சியா பிள்ளைக்குப் பள்ளி தேடியபோது ஒப்பிட்டுப் பார்த்தவை

என் மகன் போன வருடம் பத்தாம் வகுப்பு முடித்தான். அவனுக்கு டிஸ்லெக்சியா, வாசிப்பதையும் எழுதுவதையும் சிரமமாக்கும் கற்றல் குறைபாடு. அவனுக்கு வாசிப்பதைவிட எழுதுவதில்தான் அதிகச் சிரமம். வாயால் கேட்டால் டக்கென்று பதில் வரும், தாளைக் கொடுத்தால் கால்வாசிகூட இறங்காது. ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடையில் எங்கே சேர்ப்பது என்று பாளையங்கோட்டை முழுக்க அலைந்தோம். இப்போது அதே அலைச்சலில் இருக்கும் அம்மாக்கள் எனக்குப் போன் செய்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் சொல்வதை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நாங்கள் சேர்த்தது வீட்டுக்குப் பக்கத்திலிருந்த அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் வழி. அதனால் என் தராசு அந்தப் பக்கம் சாய்ந்துதான் நிற்கும், தெரிந்தே படியுங்கள். அதற்குப் போட்டியாக இருந்தவை இரண்டு. ஒன்று, பிள்ளைகளைத் தனியே கூட்டி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க 'ரிசோர்ஸ் ரூம்' வைத்திருந்த ஒரு சி.பி.எஸ்.இ. தனியார் பள்ளி. இன்னொன்று, பள்ளியே வேண்டாம் என்று வீட்டில் வைத்துப் படிக்கவைத்து என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் தேர்வை எழுதவைப்பது.

கட்டணம், தூரம், வேன், ஆங்கிலம் பேச வருமா என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். உதவி பெறும் பள்ளியில் செலவு குறைவு, தனியாரில் அதிகம், இதற்கு ஒரு கட்டுரை வேண்டாம்.

தேர்வுச் சலுகைகளை எடுத்துக்கொண்டால், தாளில் இரண்டு பள்ளிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, கற்றல் குறைபாடு அதில் ஒன்று. கூடுதல் நேரம், எழுத ஆள் (பிள்ளை வாயால் சொல்லச் சொல்லத் தாளில் எழுதுபவர்), இரண்டாம் மூன்றாம் மொழிப்பாடத்திலிருந்து விலக்கு, மூன்றையும் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அரசு நிதி பெறும் பள்ளிக்கும் அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கும் சேர்த்துத்தான். சி.பி.எஸ்.இ.யில் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். மாநிலப் பாடத்திட்டத்திலும் ஒரு மணி நேரம் கூடுதல். 'சொல்வதை எழுதுபவர்' இங்கேயும் உண்டு, அங்கேயும் உண்டு. ஒரு மொழிப்பாட விலக்கும் அப்படித்தான்.

ஆக, 'எந்த போர்டில் சலுகை அதிகம்?' என்ற கேள்வியில் பெரிதாக ஒன்றும் இல்லை. நானும் இரண்டு மாதம் அந்தக் கேள்வியைத்தான் சுமந்துகொண்டு திரிந்தேன்.

விஷயம் திரும்பியது ஒரே வாரத்தில் நடந்த இரண்டு சந்திப்புகளில். சி.பி.எஸ்.இ. பள்ளி முதல்வர் அன்பாகத்தான் பேசினார். மகனின் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழை முழுதாக வாசித்தார், ரிசோர்ஸ் ரூமைச் சுற்றிக் காட்டினார். எழுத ஆள் எப்போதிலிருந்து கொடுப்பீர்கள் என்று கேட்டேன். "போர்டு எக்ஸாம் வரும்போது கண்டிப்பா ஏற்பாடு பண்ணுவோம் மேடம். ஆறாம் கிளாஸ்லயே எதுக்கு? அவனே எழுதிப் பழகட்டுமே" என்றார். உதவி பெறும் பள்ளியில் தலைமை ஆசிரியர் சான்றிதழைப் பார்த்துவிட்டு, இதுவரை இப்படி ஒரு பிள்ளைக்கும் செய்ததில்லை என்று ஒத்துக்கொண்டார். அப்புறம், "நீங்க ஒரு மனு எழுதிக் குடுங்கம்மா. மாசத் தேர்வுலயே குடுத்துப் பாப்போம், சரிவரலைன்னா மாத்திக்கலாம்" என்றார்.

அன்றைக்கு முதல்வர் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. பழகட்டுமே! என் கணவர் இன்னொரு பக்கம் நின்றார்: "தெரியாதுன்னு சொல்றவரு கேட்டுச் செய்வாரு." அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் சேர்த்தோம், ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை.

மாதத் தேர்வு ஏன் இவ்வளவு முக்கியம்? சொல்லி எழுதவைப்பதே தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு வேலை. தமிழ் வழிப் பிள்ளைக்கு அது இரட்டை வேலை. ஆறாம் வகுப்பு முதல் மாதத் தேர்வில் அறிவியல் தாளுக்கு ஆய்வக உதவியாளரை எழுதப் போட்டார்கள். பிள்ளைகளுக்கு அவர் 'லேப் அண்ணாச்சி'. இலை ஏன் பச்சையாக இருக்கிறது என்று கேள்வி. இவன், "அது வந்து, பச்சையம்னு ஒண்ணு இருக்குல்லா, அதனாலதான்" என்றிருக்கிறான். சொல்வதை அப்படியே எழுத வேண்டும் என்று அண்ணாச்சியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவரும் 'இருக்குல்லா'வோடு சேர்த்து அப்படியே எழுதிவிட்டார். தாள் திருத்திய டீச்சர் சிரித்துவிட்டு அரை மதிப்பெண் போட்டிருந்தார்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நாம் பேசுவது ஒரு தமிழ், விடைத்தாளில் இருக்க வேண்டியது வேறு தமிழ். மற்ற பிள்ளைகள் எழுத எழுத, பேச்சை எழுத்துக்கு மாற்றும் வித்தை கையோடு வந்துவிடுகிறது. கை ஓடாத பிள்ளைக்கு அது எங்கிருந்து வரும்? எழுத்துத் தமிழை வாயால் பேசப் பழக வேண்டும். 'இலைகளில் பச்சையம் இருப்பதால்' என்று வாயைத் திறந்து சொல்ல ஒரு பதினொரு வயதுப் பையனுக்குக் கூச்சமாக இருக்கிறது, மேடையில் பேசுவதுபோல. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் மூன்று பேரும் செய்தி வாசிப்பாளர் மாதிரி பேசி விளையாடினோம். 'அம்மா, சாம்பார் போதுமானதாக உள்ளது.' இப்படி ஒரு வருடம்.

அப்புறம் கணக்கு. பின்னத்தையும் அடைப்புக்குறியையும் எதிராளி தப்பாக எழுதாதபடி வாயால் சொல்வது லேசில்லை. 'இரண்டு எக்ஸ் கூட்டல் மூன்று, இதன் கீழ் ஐந்து' என்றால் ஐந்து எதன் கீழ் வரும்? முழுவதற்குமா, மூன்றுக்கு மட்டுமா? ஏழாம் வகுப்பில் இப்படியே பல மதிப்பெண் போயிற்று. எட்டாம் வகுப்பில் 'அடைப்புக்குறி தொடக்கம், முடிவு, முழுவதற்கும் கீழே' என்று சொல்லப் பிடிபட்டது. கேள்வியை இரண்டு தடவை வாசித்துக் காட்டச் சொல்வது, விடைக்கான குறிப்புகளை விரலில் எண்ணி வைத்துக்கொள்வது, படத்தை மட்டும் தானே வரைவது, இதெல்லாம் ஒவ்வொரு தேர்விலும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தவை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் முன்பின் தெரியாத ஓர் ஆசிரியர் எதிரே உட்கார்ந்து பேனாவைத் திறந்தபோது இவனுக்கு அது புது அனுபவமாக இல்லை. வணக்கம் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்திருக்கிறான்.

நாங்கள் விட்டுவந்த அந்த சி.பி.எஸ்.இ. பள்ளியில் என் தோழியின் மகன் படித்தான். அவனுக்கும் இதே சிரமம்தான். போர்டு தேர்வுக்கு எல்லாச் சலுகையும் முறையாக வந்தன, பள்ளி சொன்ன வாக்கைக் காப்பாற்றியது. ஆனால் எழுத ஆள் வைத்து அவன் எழுதிய முதல் தேர்வே போர்டு தேர்வுதான். முக்கால் மணி நேரம் திணறிவிட்டு, பேனாவை வாங்கித் தானே எழுதியிருக்கிறான். தேறிவிட்டான். ஆனால் அந்தச் சலுகையால் அவனுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை என்கிறாள் அவன் அம்மா.

இது ஒரு பள்ளி, ஒரு பையன். எல்லா சி.பி.எஸ்.இ. பள்ளியும் இப்படி என்று நான் சொல்ல வரவில்லை. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1990களின் தொடக்கத்திலிருந்தே இதில் வேலை செய்கிறது, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறது. அப்படிப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கும் பள்ளி உங்கள் ஊரில் இருந்தால் என் கணக்கு மாறலாம்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சிறப்பாசிரியர் விஷயத்தில் எங்கள் பள்ளி தோற்றது. கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து ஒரு டீச்சர் வருவார். தங்கமான மனுஷி, ஆனால் அவர் தலையில் ஏகப்பட்ட பள்ளிகள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை வந்தால் அதிர்ஷ்டம். பள்ளிகளில் நிரந்தரச் சிறப்பாசிரியர்கள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது கணக்கு. எங்கள் டீச்சரின் பயண நோட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு வேடிக்கையாக இருக்கும். தோழியின் மகனுக்கோ ரிசோர்ஸ் ரூமில் தினம் 40 நிமிடம் கிடைத்தது. ல, ள, ழ குழப்பமும், ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்புத் தடுமாற்றமும் என் மகனுக்கு இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை. வாசிப்பில் வந்த முன்னேற்றமும் பள்ளியால் வந்ததல்ல, சாயங்காலம் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியையிடம் காசு கொடுத்து அனுப்பியதால் வந்தது. சின்ன வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு, வாசிப்பே இன்னும் பிடிபடாத நிலையில், ரிசோர்ஸ் ரூம் உள்ள பள்ளிக்குத்தான் போகச் சொல்வேன். ஆறாம் வகுப்புக்கு மேல்தான் என் வாதம்.

என்.ஐ.ஓ.எஸ். பற்றி எனக்கு நேரடி அனுபவம் இல்லை, விசாரித்த வரை சொல்கிறேன். ஐந்து பாடங்கள் போதும், அதில் ஒரே ஒரு மொழி இருந்தால் போதும். வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு, ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. ஒவ்வொரு பாடமாகக்கூட எழுதி முடிக்கலாம். பள்ளிக்கூட வாசலிலேயே வாந்தி எடுக்கிற அளவு பயந்துபோன பிள்ளைகளுக்கு இது உயிர் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு ஒத்துவராததற்குக் காரணம் ஒன்றே: நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பகலில் அவனோடு இருக்க ஆள் இல்லை. அவனுக்குக் கபடியும் கூட்டமும் வேண்டும்.

சிறப்புப் பள்ளி என்ற வழியை நான் எடைபோடவே இல்லை, டிஸ்லெக்சியாவுக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு அதைக் குறைத்துப் பேச முடியாது. காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் இங்கே நூறாண்டு தாண்டிய பள்ளிகள் இருக்கின்றன. சைகை மொழியில் சுற்றிலும் எல்லோரும் பேசும் ஓர் இடம் காது கேளாத பிள்ளைக்குக் கொடுப்பதை எங்கள் பள்ளியால் கொடுத்திருக்க முடியாது.

சான்றிதழ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயதுக்கு மேல்தான் சான்று தருவார்கள், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பரிசோதனை உண்டு. 14 வயது என்பது பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பில் வரும். பத்தாம் வகுப்புச் சலுகை விண்ணப்பமோ பள்ளி வழியாகக் கல்வித் துறைக்கும் தேர்வுத் துறைக்கும் போக வேண்டும். பழைய சான்றை நம்பி உட்கார்ந்துவிட்டு, கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் நான் ஓடிய ஓட்டம் போதும். ஒன்பதாம் வகுப்புக் கோடை விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிவையுங்கள். பள்ளி எவ்வளவு நல்ல பள்ளியாக இருந்தாலும் தலைமை ஆசிரியர் மாறுவார். எங்களுக்கு இரண்டு பேர் மாறினார்கள், ஒவ்வொரு தடவையும் அந்த நகல் கோப்புதான் பேசியது.

மொழி விலக்கை நாங்கள் வாங்கவில்லை. அவனுக்கு ஆங்கிலம் சுத்தமாக வராது, வாங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பான். பின்னால் ஆங்கிலம் கேட்கும் இடத்தில் மாட்டிக்கொள்வானோ என்று பயந்தோம். 41 வாங்கித் தேறினான். சரியான முடிவா என்று இன்னும் எனக்கு நிச்சயமில்லை, இதில் என்னைப் பின்பற்ற வேண்டாம்.

சேர்க்கைக்குப் போகும்போது 'சலுகை தருவீர்களா' என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். 'போன மாதத் தேர்வில் எந்தப் பிள்ளைக்காவது எழுத ஆள் போட்டீர்களா, யார் எழுதினார்?' என்று கேளுங்கள். 'போடவில்லை, ஆனால் போடலாம்' என்று பதில் வந்தால் அங்கேயே உட்கார்ந்து மனுவை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இவன் இப்போது பாலிடெக்னிக் போக வேண்டும் என்கிறான். அங்கே உள்தேர்வுக்கு எழுத ஆள் தருவார்களா என்று அடுத்த வாரம் போய்க் கேட்க வேண்டும். இந்தத் தடவை கேள்வியை அவனே கேட்கிறானாம், நான் கூட வந்தால் மட்டும் போதுமாம்.