கட்சிக்கு அரசுப் பணம்: எதை அளந்து கொடுப்பது?

யார் கொடுத்தார் என்று வெளியே தெரியாமல் கட்சிக்குப் பணம் தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாது என்று 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்திரம் போய்விட்டது; கட்சிகளின் பணத்தேவை போகவில்லை. 2018 மார்ச்சிலிருந்து 2024 ஜனவரி வரை விற்ற பத்திரங்களின் மதிப்பு சுமார் 16,518 கோடி ரூபாய். கோவையில் பதிவான ஒரு லாட்டரி நிறுவனம் மட்டும் 1,368 கோடிக்கு வாங்கியிருந்தது. இப்படி வந்த பணத்தில் தேர்தலைச் சந்திக்கும் கட்சி, ஆட்சிக்கு வந்தபின் யார் பேச்சைக் கேட்கும்? அதனால்தான் பிரசாரச் செலவை அரசே ஏற்கட்டும் என்ற பழைய யோசனை மறுபடி பேசப்படுகிறது. எனக்கும் அதில் உடன்பாடு உண்டு. ஆனால் அந்த ஒரே பெயருக்குள் மூன்று வெவ்வேறு திட்டங்கள் இருக்கின்றன. எதை அளந்து பணம் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து கட்சிகளின் நடத்தையே மாறிவிடும்.

முதலாவது, பணமாகக் கொடுக்காமல் பொருளாகக் கொடுப்பது. 1998-ல் இந்திரஜித் குப்தா குழு சொன்னது இதைத்தான்: எரிபொருள், அச்சடிக்கக் காகிதம், தொலைபேசி, ஒலிபெருக்கி போன்றவற்றை அரசு தரலாம். இதில் ஒரு பகுதி இப்போதே நடைமுறையில் இருக்கிறது. தூர்தர்ஷனிலும் வானொலியிலும் கட்சிகளுக்கு இலவச நேரம் உண்டு. வாக்காளர் பட்டியலும் இலவசம். காகிதக் கட்டை யாரும் கவரில் போட்டு வீடு வீடாகக் கொடுக்க முடியாது என்பது இதன் பெரிய பலம். ஆனால் அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு மட்டும்தான் என்று அந்தக் குழு சொல்லிவிட்டதால் புதிய கட்சியும் சுயேச்சையும் வெளியே நிற்கிறார்கள். பிரசாரச் செலவும் இன்று காகிதத்தில் இல்லை. கைப்பேசித் திரையிலும் கூட்டம் சேர்ப்பதிலும் போகிறது.

இரண்டாவது, வாங்கிய வாக்குக்கு இவ்வளவு என்று பணமாகக் கொடுப்பது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் எஸ்.ஒய். குரேஷி ஒரு வாக்குக்கு 100 ரூபாய் என்ற யோசனையை முன்வைத்தார். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தவர்கள் சுமார் 64 கோடிப் பேர். ஆக 6,400 கோடி ரூபாய். பெரிய தொகைதான். ஆனால் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 கோடி என்று தொகுதி மேம்பாட்டுக்குத் தருகிற நாட்டில், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இது தாங்க முடியாத செலவு இல்லை.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது, தோற்ற வாக்குக்கும் மதிப்பு கிடைப்பது. 2024-ல் தமிழகத்தில் நாம் தமிழர் கட்சி 8 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு வாங்கியும் ஓரிடம்கூடப் பெறவில்லை. இந்தக் கணக்குப்படி அதற்கு 35 கோடி ரூபாய்க்கு மேல் வந்திருக்கும். ஆனால் நம் ஊர்க் கூட்டணி அரசியலில் இதே அளவுகோல் கோணலாகிவிடுகிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் மதிமுகவின் ஆறு வேட்பாளர்களும் உதயசூரியனில்தான் நின்றார்கள். அந்த வாக்குகளுக்கான பணம் எந்தக் கட்சிக்குப் போகும்? கூட்டணிக் கட்சி போட்டியிடாத இருநூற்றுச் சொச்சம் தொகுதிகளில் அதன் ஆதரவாளர்கள் போட்ட வாக்கு யார் கணக்கில் சேரும்? இரண்டுக்கும் விடை பெரிய கட்சிதான். சின்னக் கட்சிகள் இப்போது தொகுதிக்குக் கெஞ்சுவதுபோல இனி நிதிக்கும் கெஞ்ச வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு, இந்தப் பணம் போன தேர்தலின் வெற்றியை அளக்கிறது. முதல்முறை நிற்பவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

ஜெர்மனியிலும் கட்சி வாங்கிய வாக்குக்கு அரசு பணம் தருகிறது; வாக்குக்கு ஏறக்குறைய ஒரு யூரோ. அந்நாட்டு நாடாளுமன்றத் தேர்தலில் 0.5 விழுக்காடு வாக்கு வாங்கினாலே உரிமை வந்துவிடும். ஆனால் அங்கே ஒரு பூட்டு இருக்கிறது: கட்சி தானாகத் திரட்டிய வருமானத்தைவிட அதிகமாக அரசிடம் வாங்க முடியாது. உறுப்பினரை மறந்துவிட்டுக் கஜானாவை நம்பி ஒரு கட்சி வாழ முடியாது. நாம் கடன் வாங்க வேண்டிய விதி இது.

மூன்றாவது, சாதாரண ஆள் தரும் சிறு தொகைக்கு அரசு இணைத்தொகை சேர்ப்பது. நியூயார்க் நகரில் மேயர் வேட்பாளருக்கு நகரவாசி ஒருவர் தரும் முதல் 250 டாலருக்கு, டாலருக்கு 8 டாலர் வீதம் நகர நிர்வாகம் சேர்க்கிறது. சியாட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், வாக்காளர் கையில் 25 டாலர் வவுச்சர் நான்கைக் கொடுத்துவிடுகிறது. பிடித்த வேட்பாளருக்கு அவர் தரலாம். 2017-லிருந்து நடக்கிறது. பயன்படுத்துவோர் குறைவு, பத்தில் ஒருவர்கூட இல்லை என்பது அதன் குறை.

இந்த மூன்றாவதையே நான் தேர்ந்தெடுப்பேன். இடதுசாரிக் கட்சிகள் கடைவீதியில் உண்டியல் குலுக்குவதை நாம் பார்த்திருக்கிறோம். அந்த 10 ரூபாய்க்கு 80 ரூபாய் சேரும் என்றால், ஆலை முதலாளி வீட்டு வாசலில் நிற்கும் தலைவர்கூடத் தெருவுக்கு இறங்கி வருவார். முதல்முறை நிற்கும் இளைஞருக்கும் அதே கணக்குதான்.

இதிலும் ஓட்டை உண்டு. தன்னிடம் வேலை செய்யும் ஐந்நூறு பேர் பெயரில் முதலாளியே பணம் கட்டலாம். பினாமி நமக்குப் புதிதா என்ன? உண்டியல் பணத்தை அப்படியே இணைத்தொகைக்குக் கணக்கில் எடுக்க முடியாது. ஒவ்வொரு ரூபாயும் வங்கிக் கணக்கிலிருந்தோ யுபிஐ வழியாகவோ வர வேண்டும். அப்புறம் இன்னொரு பயம்: எந்தக் கட்சிக்கு 100 ரூபாய் கொடுத்தார் என்பது ஊருக்குத் தெரிந்தால் ரேஷன் கடையிலும் நூறுநாள் வேலையிலும் அவருக்குச் சிக்கல் வரலாம். ஆகவே சிறு நன்கொடையாளரின் பெயர் தேர்தல் ஆணையத்திடம் மட்டும் இருக்க வேண்டும். பெரிய தொகை தருபவர் பெயர் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

மூன்றில் எதைக் கொண்டுவந்தாலும் கட்சிகள் வாக்காளருக்குப் பணம் தருவது நிற்காது. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல் ஆர்.கே. நகர், 2019-ல் வேலூர் என்று இதற்காகவே தேர்தல்கள் ரத்தாயின. அந்தப் பணம் எந்தக் கணக்கிலும் ஏறாதது. அதோடு, தமிழகம் போன்ற பெரிய மாநிலத்தில் மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம், சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம் என்று 2022-ல் செலவு வரம்பு வைத்திருக்கிறார்கள். கட்சி செய்யும் செலவுக்கு வரம்பே இல்லை. மேல்வரம்பு இல்லாத இடத்தில் அரசுப் பணத்தைக் கொட்டினால் அது ஏற்கெனவே உள்ள பணத்தின் மேல் இன்னொரு அடுக்காகத்தான் உட்காரும்.

ஆகவே முதலில் கட்சிச் செலவுக்கு வரம்பு வர வேண்டும். 20,000 ரூபாய் வரை தருபவரின் பெயரைத் தேர்தல் ஆணையத்திடம்கூடத் தெரிவிக்க வேண்டியதில்லை என்ற சலுகை போக வேண்டும். ஆறு தேசியக் கட்சிகள் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று 2013-ல் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்டது; கட்சிகள் அதற்கு இணங்கவில்லை. அரசு நிதியில் ஒரு ரூபாய் வாங்கினாலும் அந்தக் கட்சி தகவல் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்பதைத் திட்டத்தின் முதல் விதியாக எழுத வேண்டும். அதற்குச் சம்மதிக்காத கட்சிக்குப் பொருளும் வேண்டாம், பணமும் வேண்டாம்.