அடிக்கடி ஷோல்டர் கழண்டுக்குதா? அல்சூர்ல இந்த பிசியோ சென்டர் நல்லா பாக்குறாங்க

பெங்களூரு அல்சூர் ஏரி பக்கம் இருக்கிற இந்த ஸ்போர்ட்ஸ் பிசியோ சென்டருக்கு என் பையனுக்காக போனோம், காலேஜ் டீம்ல கபடி ஆடுறான், கவர்ங்கிற டிஃபென்டர் இடத்துல நிப்பான். பக்கத்துல இருக்கிறவன் கைய புடிச்சு செயின் கோத்து நிக்கும்போது ரெய்டர் பிச்சுக்கிட்டு ஓடுனா இவன் கை பின்னாடி இழுபட்டு தோள்பட்டை கழண்டுக்கும். முதல் தடவை ஆஸ்பத்திரில கழண்ட மூட்ட திரும்ப உள்ள தள்ளி, கைய தொங்க விடுற ஸ்லிங் மாட்டுனாங்க, வலி போனதும் ஆடப் போயிட்டான். போகப் போக பஸ்ல மேல கம்பிய புடிச்சாலே நழுவ ஆரம்பிச்சிருச்சு.

வேற ஒரு இடத்துல கரண்ட் வெச்சு அனுப்பிட்டே இருந்தாங்க, ஒண்ணும் ஆகல. இங்க இருக்கிற மேடம் சேலம் பக்கம், தமிழ்லயே பேசுனாங்க. கைய பக்கவாட்டுல தூக்கி மெதுவா பின்னாடி திருப்புனாங்க, பையன் மூஞ்சி மாறுனதும் நிறுத்திட்டாங்க. "20 வயசுக்குள்ள கழண்டா திரும்ப கழறுறது ரொம்ப ஜாஸ்திண்ணா, எக்சர்சைஸ் தசைக்குதான் பலம் குடுக்கும், உள்ள கிழிஞ்சத ஒட்டாது, மொதல்ல எம்ஆர்ஐ எடுத்து ஷோல்டர் சர்ஜன பாருங்க"ன்னு சொன்னாங்க. பேக்கேஜ் விக்க பாக்காம இப்படி சொன்னதுக்கே எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

எம்ஆர்ஐல பேங்கார்ட் கிழிசல், அதாவது தோள் மூட்டு குழியோட ஓரத்துல வளையம் மாதிரி இருக்கிற லேப்ரம்ங்கிற குருத்தெலும்பு முன்பக்கம் பிஞ்சிருந்துச்சு. எலும்பு பெருசா தேயாததால சின்ன ஓட்டை போட்டு பண்ற கீஹோல் ஆபரேஷன்லயே தெச்சுட்டாங்க, ரொம்ப தேஞ்சிருந்தா லாடார்ஜேன்னு எலும்புத் துண்ட நகர்த்தி வெக்கிற ஆபரேஷன் வரைக்கும் போகும்னாங்க, அதனால சும்மா தள்ளிப் போடாதீங்க.

அப்புறம் மறுபடி இங்கதான். மொதல்ல ஸ்லிங், அப்புறம் இழுக்குற ரப்பர் பேண்ட் எக்சர்சைஸ், தோள்பட்டை எலும்ப புடிச்சிருக்கிற முதுகு தசைக்கு எக்சர்சைஸ்னு படிப்படியா குடுத்தாங்க, அவசரமே இல்ல. நடுவுல டோர்னமென்ட் வந்துச்சு, பையன் கெஞ்சுனான், நானும் லேசா கேட்டு பாத்தேன், "தம்பி, மோதுற ஆட்டத்துக்கு 5, 6 மாசமாவது ஆகும், ரெண்டு கைக்கும் பலம் சமமா வரணும், இப்ப விடமாட்டேன்"னு முடிச்சிட்டாங்க. கடைசில பலத்த அளந்து, கீழ விழுற டிரில் எல்லாம் வெச்சுதான் விட்டாங்க. இன்னொன்னு, கிரவுண்ட்ல கழண்டா சீனியர் பசங்கள இழுத்து போட விடாதீங்க, நரம்பு போகலாம் எலும்பு உடையலாம், கைய அசையாம கட்டி எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போங்கன்னு டீம் பசங்களுக்கும் சொல்லி அனுப்புனாங்க.

இப்ப திரும்ப கவர்லயே நிக்கிறான், பேண்ட் எக்சர்சைஸ் விடல. சாயந்திரம் செம கூட்டம், அப்பாயின்ட்மென்ட் இருந்தாலும் உக்காரணும், கார் நிறுத்தவும் இடமில்ல, காலைல போங்க, பழைய ஸ்கேன் சிடி எல்லாத்தையும் எடுத்துட்டு போங்க.