ஜன்னல் கைப்பிடி: எல்லாம் பொது அளவு, தண்டின் நீளம் மட்டும் அவரவர் இஷ்டம்

"கைப்பிடி ஆடுகிறது. புதிதாக ஒன்று வாங்கி மாட்டிவிடலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரே வரியில் பதில் சொல்லலாம்: வாங்குமுன் மூடியைத் திருப்பி, உள்ளே இருக்கும் இரண்டு ஸ்க்ரூவையும் இறுக்கிப் பாருங்கள். ஆடுகிற கைப்பிடிகளில் பெரும்பாலானவை அதோடு நின்றுவிடும். எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் கேள்வி. அதைத் தீர்மானிப்பது கைப்பிடியின் முதுகிலிருந்து நீண்டிருக்கும் சதுரத் தண்டு. யுபிவிசி, அலுமினிய ஜன்னல்களில் வரும் திருகு கைப்பிடிகளைப் பல வருடம் புழங்கி, கழற்றி, மாட்டிய பிறகு எனக்கு மிஞ்சியிருக்கும் கோபம் முழுக்க அந்தத் தண்டின் மேல்தான்.

பாராட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் விட்டுப்போகும். ஐரோப்பிய முறையில் செய்த இந்தக் கைப்பிடிகளில் தண்டு 7 மி.மீ. சதுரம். இரண்டு ஸ்க்ரூ துளைகளுக்கு நடுவே, மையத்துக்கு மையம், 43 மி.மீ. ஸ்க்ரூ எம்5, அதாவது 5 மி.மீ. தடிமன். இந்த மூன்றிலும் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். ஜன்னல் செய்தவர் தொழிலையே மூடிவிட்டுப் போயிருந்தாலும் வேறொருவர் செய்த கைப்பிடி அதே துளையில் உட்காரும். ஒரு ஸ்க்ரூ டிரைவர், பத்து நிமிடம், வேலை முடிந்தது. பழுதுபார்க்கப் போகிறவரை மனதில் வைத்துச் செய்த வீட்டுச் சாமான்கள் அதிகம் இல்லை; இது அவற்றில் ஒன்று.

இத்தனைக்கும் ஒத்துக்கொண்டவர்கள் தண்டின் நீளத்தை மட்டும் அவரவர் இஷ்டத்துக்கு விட்டிருக்கிறார்கள். 30, 35, 40, 45 மி.மீ. என்று வருகிறது, அதற்கு வெளியேயும் உண்டு. பெட்டியின் மேல் "யுனிவர்சல்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். நீளத்தைத் தேடினால் பொடி எழுத்தில்கூடக் கிடைக்காது. கைப்பிடியின் அடித்தட்டில் இரண்டு இலக்கத்தைப் பொறிக்க வேண்டிய அளவுக்கு இடம் காலியாகத்தான் கிடக்கிறது. பொறிப்பதில்லை.

நீளம் தப்பினால் என்ன கெட்டுப்போகும்? கைப்பிடியின் நெம்பு நீளம் ஏறத்தாழ 110 மி.மீ.; அந்தச் சுழற்சியைத் தாங்க வேண்டியது 7 மி.மீ. சதுரத்தின் விளிம்புகள். கை கொடுக்கும் விசை அங்கே போய்ச் சேரும்போது பல மடங்காகிவிடும். தண்டு, சட்டத்துக்குள் இருந்து பூட்டை நகர்த்தும் கியரின் சதுரத் துளை முழுவதையும் ஊடுருவி நின்றால் அந்த விசை பரவிப் போகும். குட்டையாகி, நுனியில் 3, 4 மி.மீ. மட்டும் கடித்துக்கொண்டிருந்தால் விளிம்பு மழுங்கும், கூடவே கியரின் துளையும் வாய் அகலும். அதன் பிறகு புதுக் கைப்பிடி போட்டாலும் ஆட்டம் போகாது. கியரையே மாற்ற வேண்டும். அது கைப்பிடியைவிடப் பெரிய செலவு, பெரிய வேலை.

நீளம் கூடினால் வரும் தொல்லை வேறு. தண்டின் நுனி சட்டத்தின் உள்சுவரில் முட்டி நிற்கும். அடித்தட்டு சட்டத்தோடு படியாமல் ஒரு மயிரிழை விலகி இருக்கும். ஸ்க்ரூவை இறுக்கி அதைப் பதியவைத்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம். உண்மையில் ஒவ்வொரு முறை திருப்பும்போதும் தட்டு முன்னும் பின்னும் அசைந்து ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும். "எத்தனை தடவை இறுக்கினாலும் கழன்று வருகிறது" என்ற புகாருக்கு இதுவே காரணமாக இருப்பது உண்டு. ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டுக் கைப்பிடியை வெறுமனே துளையில் அழுத்திப் பாருங்கள். தட்டு சுற்றிலும் படியவில்லை என்றால் தண்டின் நீளம் அதிகம்.

அளப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தண்டை உருவி எடுத்து முழு நீளத்தை அளந்தால் அது உதவாத கணக்கு. அடித்தட்டு சட்டத்தில் படியும் பரப்பிலிருந்து தண்டின் நுனி வரை அளக்க வேண்டும். பழைய தண்டின் நீளமே சரி என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அதன் மேல் இருக்கும் தேய்மானத் தடத்தைப் பாருங்கள். கியர் கடித்த இடம் பளபளவென்று இருக்கும். அந்தப் பளபளப்பு நுனியோரத்தில் ஒரு கீற்றாக முடிந்துவிட்டால் தண்டு குட்டை. அடுத்ததை 5 மி.மீ. கூட்டி வாங்குங்கள். பளபளப்புப் பட்டைக்கு அப்பாலும் தண்டு கொஞ்சம் வெறுமையாக நீண்டிருந்தால் நல்லது. கடைசியில் உள்சுவருக்கு 2 மி.மீ. இடைவெளி போதும்.

சந்தேகம் இருந்தால் நீளமானதையே வாங்குங்கள். குட்டைத் தண்டை வளர்க்க முடியாது, நீளத்தை அறுக்கலாம். அறுக்கும்போது கைப்பிடியை வைஸில் பிடிக்காமல் தண்டை மட்டும் பிடியுங்கள். ஹேக்ஸா பிளேடால் அறுத்து, நுனியின் நான்கு விளிம்பையும் அரத்தால் சாய்வாக ராவிவிடுங்கள். ராவாமல் விட்ட பிசிறு கியரின் துளையைச் சுரண்டும். உள்ளே விழுந்தால் பல்லில் சிக்கும். சில கைப்பிடிகளில் தண்டு தனியாகக் கழன்று வரும், வேறு நீளத்தில் தண்டு மட்டும் வாங்கிப் போடலாம். பலவற்றில் தலையோடு அடித்துப் பொருத்தியிருப்பார்கள். கியரின் துளை 8 மி.மீ. என்றால் 7-ஐ 8 ஆக்கும் உறை கிடைக்கிறது. டேப் சுற்றிப் போடுவது இரண்டு வாரம்கூடத் தாங்காது.

நீளம் சரி என்று தெரிந்த பிறகும் ஆட்டம் இருக்கிறதா? எங்கே ஆடுகிறது என்று பாருங்கள். அடித்தட்டும் சேர்ந்து அசைந்தால் ஸ்க்ரூ. தட்டு அசையாமல் நிற்க, கைப்பிடி மட்டும் தொங்கினால், அல்லது 90 பாகைக்கு ஒரு முறை வரும் "டக்" போய்விட்டால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கோ பிளாஸ்டிக் வளையமோ தேய்ந்துவிட்டது. அதைப் பிரித்துச் சரிசெய்ய வழி வைக்கவில்லை, மாற்றிவிடுங்கள். கைப்பிடி சுற்றுகிறது, ஆனால் கதவின் ஓரத்தில் இருக்கும் பூட்டுக் குமிழ்கள் நகரவில்லை என்றால் தண்டு முறிந்திருக்கிறது அல்லது கியர் போய்விட்டது.

கழற்ற, கைப்பிடியைக் கிடைமட்டமாக வையுங்கள். கீழ்நோக்கி இருந்தால் அதுவே கீழ் ஸ்க்ரூவை மறைத்துக்கொள்ளும். மூடியை நகத்தால் லேசாகத் தூக்கி 90 பாகை திருப்பினால் இரண்டு ஸ்க்ரூவும் தெரியும். தலையை உற்றுப் பாருங்கள்: கூட்டல் குறிப் பள்ளங்களுக்கு நடுவே மெல்லிய நான்கு கோடுகள் இருந்தால் அது போசிட்ரிவ், பிஇசட்2 பிட் வேண்டும். வீட்டில் கிடக்கும் பிலிப்ஸ் பிட் அதில் உட்கார்வதுபோல் உட்கார்ந்து, அழுத்தும்போது வழுக்கித் தலையை மழுக்கிவிடும். கைப்பிடி வெளியே இருக்கும் நேரத்தில் கியரைத் திருப்பாதீர்கள். சதுரத் தண்டு நான்கு திசையிலும் நுழையும் என்பதால் திசை மாறி மாட்டிவிட்டால் கைப்பிடி "மூடியது" என்று காட்டும்போது ஜன்னல் திறந்திருக்கும்.

ஸ்க்ரூவைக் கையால் இறுக்குங்கள். பவர் டிரில்லை அலமாரியிலேயே விடுங்கள். மரை போவது அதனால்தான். கியர் பெட்டியின் உலோக மரையில் பிடிக்கும் வகை என்றால், நடுத்தர வலு உள்ள நீல நிற த்ரெட்லாக்கர் (மரையை இறுகப் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு, மறுநாள் வரை ஜன்னலைத் தொடாமல் இருந்தால் வருடக்கணக்கில் அசையாது. வெறும் பிளாஸ்டிக்கில் பிடிக்கும் ஸ்க்ரூவுக்கு அது வேண்டாம். உலோகம் தொட்டால்தான் அந்தத் திரவம் இறுகும். சில பிளாஸ்டிக்குகளில் விரிசலும் விடும்.

மரை தேய்ந்துவிட்டால் எல்லோரும் செய்வது நீளமான ஸ்க்ரூவைத் தேடுவது. 5 மி.மீ. கூட்டுவதில் தவறில்லை, உள்ளே இடம் இருந்தால். அதற்கு மேல் போனால் நுனி கியரின் ஓடும் பட்டையைக் குத்தி அதை நகரவிடாமல் செய்யும். மாட்டியதும் கைப்பிடி திடீரென்று இறுகிவிட்டால் முதலில் ஸ்க்ரூவின் நீளத்தைச் சந்தேகியுங்கள்.

அலுமினிய ஜன்னலில் விஷயம் இன்னும் மோசம். எம்5-இன் மரை இடைவெளி 0.8 மி.மீ. சட்டத்தின் சுவர் 1.5 மி.மீ. என்றால் முழுதாக இரண்டு மரைகூடக் கிடையாது. அதை நம்பி மாட்டிய கைப்பிடி ஆடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இதற்கு ரிவெட் நட் போடுவதே வழி: எம்5-க்குப் பெரும்பாலும் 7 மி.மீ. துளை, நட்டைச் செருகி அதற்கான கருவியால் இழுத்து நசுக்கினால் உலோக மரை நிலையாக அமர்ந்துவிடும். பின்னால் கியர் இடிக்காத இடத்தில் மட்டுமே இது சாத்தியம். கியர் பெட்டியின் மரையே போயிருந்தால் ஒட்டுவேலை பார்க்காமல் கியரை மாற்றுங்கள்.

மர ஜன்னல்காரர்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. பழைய துளையை 8 மி.மீ. ஆக்கி, மரப் பசை தடவிய 8 மி.மீ. மரக்குச்சியை அடித்து, காய்ந்ததும் மட்டமாக அறுத்துவிட்டு, 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 2.5 மி.மீ. முன்துளை போட்டு மாட்டினால் முடிந்தது. தீக்குச்சிகளைப் பசையில் தோய்த்துத் திணிப்பதும் லேசான கைப்பிடிகளுக்குப் போதும்.

உடைந்த கைப்பிடியை ஒட்டலாமா என்று கேட்காதவர் இல்லை. ஒட்ட முடியாது. இவற்றில் பல துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்தவை. அது வளையாது, கழுத்தில் பட்டென்று முறியும். 390 பாகை செல்சியஸுக்குள் உருகிவிடும் உலோகம், வெல்டிங்குக்கும் ஆகாது. முறிந்த பரப்பு சுண்டுவிரல் நகத்தளவுகூட இருக்காது, அதில் எபாக்சி வைத்து 110 மி.மீ. நெம்பைத் திருப்பினால் முதல் நாளே கையோடு வந்துவிடும்.

மூடிய நிலையில் கைப்பிடி உடைந்து ஜன்னல் திறக்காமல் நின்றால் பயப்பட வேண்டாம். முன்னே புகழ்ந்த பொது அளவு இங்கேதான் கைகொடுக்கிறது. மிச்சத் தட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றி எடுத்துவிட்டு, அடுத்த ஜன்னலின் கைப்பிடியைக் கழற்றி இந்தத் துளையில் செருகித் திருப்புங்கள். தண்டு துளைக்குள்ளேயே முறிந்து, நுனி கொஞ்சம் வெளியே தெரிந்தால் லாக்கிங் பிளையரால் பிடித்துத் திருப்பலாம்.

கைப்பிடியைக் குறை சொல்லுமுன் ஒரு சோதனை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கைப்பிடியைத் திருப்புங்கள். பக்கவாட்டில் திறக்கவும் மேல்பக்கம் உள்ளே சாயவும் செய்யும் டில்ட் அண்ட் டர்ன் வகையில் திறந்த நிலையில் திருப்ப விடாத ஒரு சின்ன நெம்பு கதவின் ஓரத்தில் இருக்கும். அதை விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். பூட்டும் நிலைக்கும் திறக்கும் நிலைக்கும் நடுவே மட்டும் திருப்பிப் பாருங்கள். சாயும் நிலைக்குக் கொண்டுபோனால் கதவு மேல் கீலின் பிடியை விட்டுத் தொங்கும். இப்படித் திருப்பும்போது வழுவழுவென்று வந்து, மூடியபோது மட்டும் முரண்டு பிடித்தால் கதவு இறங்கியிருக்கிறது. கீலையும் பூட்டுக் குமிழையும், பெரும்பாலும் 4 மி.மீ. ஆலன் கீயால், சரிசெய்ய வேண்டும். இரண்டிலும் இறுக்கம் என்றால் கியர் காய்ந்திருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை லேசான மெஷின் எண்ணெய் விட்டால் போதும். சாவித்துளையில் மட்டும் எண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிராஃபைட் தூள் போடுங்கள். இறுகிப்போன ஜன்னலை வலுக்கட்டாயமாகத் திருப்புவதில்தான் பெரும்பாலான கழுத்துகள் முறிகின்றன.

ஆக, பொது அளவு, சுலபமாகக் கழற்றும் வசதி, எங்கும் கிடைக்கும் ஸ்க்ரூ எல்லாம் இருந்தும் ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன். கணக்குப் போட்டால் நான்கு வரும், தெரியும். இரண்டு இலக்கத்தைப் பொறிக்கச் சோம்பல்பட்டு இத்தனை கியர்களைக் கெடுப்பவர்களுக்கு நான்கு கொடுக்க மனம் வரவில்லை. பெட்டியில் நீளம் போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். மாட்டுமுன் அடித்தட்டின் உட்புறத்தில் தண்டின் நீளத்தையும் ஸ்க்ரூவின் நீளத்தையும் மார்க்கரால் எழுதிவிடுங்கள். அடுத்து கழற்றப் போகிறவர் அளக்க வேண்டியிருக்காது.