அவில், மெலடோனின், அலாரம்: தூக்கத்துக்கு எதை நம்பலாம்?

மருந்துச் சீட்டு இல்லாமல் தூக்கத்துக்கு வழி தேடுகிறவருக்கு வேலூரில் எளிதாகக் கிடைப்பவை மூன்று. ஒன்று, சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற, அவில் போன்ற பழைய ரக அலர்ஜி மாத்திரை. இரண்டு, மெலடோனின் என்ற ஹார்மோன் மாத்திரை. மூன்றாவது எந்தக் கடையிலும் இல்லை: தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, படுக்கையில் கிடக்கும் நேரத்தைச் சுருக்குகிற முறை. அலாரம் என்று நான் சொல்வது இதைத்தான். மூன்றையும் பார்த்துவிட்டு நான் கடைசியாக நின்றது இந்த மூன்றாவதில்தான். அதன் பக்கம் சாய்வு இருக்கும், தெரிந்தே படியுங்கள்.

அல்பிரசோலம், சோல்பிடெம் போன்ற, தூக்கத்துக்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகள் இந்தக் கணக்கில் இல்லை. 2014 முதல் அவை மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சீட்டோடு விற்றாலும் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்பதையெல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதனால்தான் மெடிக்கலில் போய்த் தூக்க மாத்திரை கேட்டால், “அத்த குடுக்க முடியாது, இத்த போட்டுப் படு” என்று அவில் ரகத்தில் ஒன்றைக் கிழித்துக் கொடுத்துவிடுகிறார்கள். தூக்கத்துக்கென்று செய்யாத மருந்து தூக்க மருந்தாக ஊருக்குள் உலாவுவது இந்த வழியில்தான்.

சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கத்துக் காந்தி ரோடு லாட்ஜில் நோயாளியோடு தங்கி, கவலையோடு விழித்துக் கிடக்கும் ஒருவர் இரண்டு இரவு இப்படித் தூங்கிப் போனால் எனக்கு அதில் பெரிய குறை தெரியவில்லை. என் பேச்சு, ஓர் அட்டை தீர்ந்ததும் அடுத்த அட்டை வாங்குகிறவரைப் பற்றியது.

விலையைப் பற்றி நீட்ட வேண்டாம். அலர்ஜி மாத்திரை டீக்காசு, மெலடோனின் பல மடங்கு, அலாரம் சும்மா. எது சீக்கிரம் வேலை செய்யும் என்பதிலும் போட்டி இல்லை. முதல் இரவே வேலை செய்வது அலர்ஜி மாத்திரைதான்.

எப்படி என்றால், நம்மை விழிப்பாக வைத்திருக்கும் ரசாயனங்களில் ஹிஸ்டமின் ஒன்று. அவிலில் உள்ள ஃபெனிரமின், சளி மாத்திரைகளில் உள்ள குளோர்ஃபெனிரமின், சில இருமல் டானிக்குகளில் உள்ள டைஃபென்ஹைட்ரமின் எல்லாம் மூளைக்குள் நுழைந்து அதைத் தடுக்கின்றன. அத்தோடு நின்றால் பரவாயில்லை. அசிட்டைல்கோலின் என்ற இன்னொன்றையும் தடுக்கின்றன. வாய் வறட்சி, மலச்சிக்கல், பார்வை மங்கல், சிறுநீர் இறங்காமல் அடைப்பது, வயதானவர்களுக்குப் புத்தித் தடுமாற்றம் எல்லாம் அங்கிருந்து வருபவை. முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பட்டியலில் இந்த ரகம் முழுவதும் இருக்கிறது. வீட்டில் புரோஸ்டேட் வீங்கிய அப்பா இருந்தால் இந்த அட்டை அவர் கைக்கு எட்டக் கூடாது. குறட்டையோடு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறவரும் மயக்கம் தரும் எதையும் சொந்தமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது.

சளி மாத்திரையைத் தூக்கத்துக்குப் போடுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பலவற்றில் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும். உடம்பு வலி என்று தனியாக இன்னொன்று போட்டால் இரட்டை அளவு போகும், சுமை கல்லீரலுக்கு.

சரி, இதெல்லாம் அட்டைக்குள் இருக்கும் தாளிலேயே ஏறக்குறைய இருப்பதுதான். எனக்கு முடிவைத் தந்த கேள்வி வேறு: இதை நிறுத்துவது எப்படி? எந்த வழியிலும் நுழைவது சுலபம். வெளியே வரும்போது என்ன கேட்கும் என்பதை வைத்துத்தான் மூன்றையும் எடை போட்டேன்.

அலர்ஜி மாத்திரையின் மயக்கம் சீக்கிரம் பழகிப்போகிறது. டைஃபென்ஹைட்ரமினைத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் நான்காம் நாளே அது தரும் மந்தம், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை அளவுக்கு இறங்கிவிட்டது. அப்படியானால் வாரக்கணக்கில் போடுகிறவருக்கு அது என்ன செய்துகொண்டிருக்கிறது? பெரும்பாலும் தைரியம் கொடுக்கிறது. ஒரு நாள் போடாமல் படுத்தால், “இன்றைக்குப் போடவில்லையே” என்ற நினைப்பே விழிக்க வைக்கிறது. ஒரு மணிக்கும் தூக்கம் வராவிட்டால், பார்த்தாயா, மாத்திரை இல்லாமல் முடியாது என்று மனசு தீர்ப்பு எழுதிவிடுகிறது. அடுத்த நாள் ஒன்றுக்குப் பதில் ஒன்றரை. மீட்டர் வட்டி மாதிரி, கட்டக் கட்ட அசல் அப்படியே நிற்கும்.

அசல் என்று நான் சொல்வது தூக்கம் வராத காரணத்தை. மூட்டுவலி, சர்க்கரையால் இரவில் நாலு தடவை சிறுநீருக்கு எழுவது, தைராய்டு, மனச்சோர்வு, சாயங்காலம் 6 மணிக்கு மேல் குடிக்கும் இரண்டாவது காபி, எதுவானாலும் மாத்திரைக்குக் கீழே பத்திரமாக உட்கார்ந்திருக்கும். பாகாயம் என்ற பேரைக் கேட்டாலே கூசுகிறவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள், அங்கே சி.எம்.சி.யின் மனநலப் பிரிவு இருப்பதால். அந்தக் கூச்சத்துக்கு மெடிக்கல் கவுன்ட்டர் வசதியான மறைவு. மனச்சோர்வு உள்ளவர் இப்படி மாதங்களைக் கடத்துவது எனக்கு வாய் வறட்சியைவிடப் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது.

அப்புறம் மறுநாள் காலை. டைஃபென்ஹைட்ரமின் பாதியாகக் குறைய ஏறத்தாழ 9 மணி நேரம் ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் கூடுதல். இரவு 10 மணிக்குப் போட்டதில் பாதி, காலை 7 மணிக்குச் சத்துவாச்சாரியில் பைக்கை எடுத்து ராணிப்பேட்டை வேலைக்கு ஹைவேயில் ஏறும்போதும் உடம்பில் இருக்கிறது. தூங்கி எழுந்ததாக நமக்குத் தோன்றும், கைக்கும் பிரேக்குக்கும் நடுவில் உள்ள அந்த ஒரு நொடிக்கு அது தெரியாது.

மெலடோனின் இதைவிட எவ்வளவோ சாது. மூளை தானே இருட்டில் சுரக்கும் ஹார்மோன் அது. இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்வதுதான் அதன் வேலை. நான் கொஞ்ச நாள்தான் எடுத்தேன், அதனால் இதில் என் அனுபவத்துக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம். 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, அது தூக்கத்தைச் சராசரியாக 7 நிமிடம் முன்னால் கொண்டுவருகிறது என்கிறது. விட்டுவிடுவதும் கடினமாக இல்லை. கவலை அளவைப் பற்றித்தான். 2023-இல் அமெரிக்காவில் விற்கும் 25 மெலடோனின் ‘கம்மி’களை (மெல்லும் மிட்டாய் வடிவம்) சோதித்ததில் 22-இல் உள்ளிருந்த அளவும் லேபிளில் போட்டிருந்ததும் ஒத்துப்போகவில்லை, அதிகபட்சமாக மூன்று மடங்குக்கும் மேல். நம் கடைகளிலும் மெலடோனின் இந்த மிட்டாய் வேஷத்தில் வருவதுண்டு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் மேல் அலமாரிதான் அதற்கு இடம்.

இனி அலாரம். அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016-இல் நீண்ட நாள் தூக்கமின்மைக்கு மருந்துக்கு முன்னால் முயல வேண்டியது என்று சொன்ன நடத்தைச் சிகிச்சையின் முதுகெலும்பு இதுதான். எத்தனை மணிக்குப் படுத்தோம், எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று ஓரிரு வாரம் குறித்து வையுங்கள். 8 மணி நேரம் படுக்கையில் கிடந்து 6 மணி நேரம்தான் தூங்குகிறீர்கள் என்றால், படுக்கைக்கு 6 மணி நேரம் மட்டும்தான் ஒதுக்கீடு. எழும் நேரம் மாறாது, ஞாயிற்றுக்கிழமையும். தூக்கம் வராமல் புரண்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். படுத்த நேரத்தில் 85 சதவீதம் தூங்க ஆரம்பித்ததும் 15 நிமிடம் கூட்டலாம். 5 மணி நேரத்துக்குக் கீழே மட்டும் இறக்கக் கூடாது.

முதல் சில வாரம் கொடுமை, அதை மறைக்க மாட்டேன். பகலில் கண் சொருகும், எரிச்சல் வரும், அந்த நாட்களில் நீண்ட தூரம் வண்டி ஓட்டக் கூடாது. வேலூரில் இதைச் சித்திரை, வைகாசியில் தொடங்கவும் வேண்டாம். பகலில் 40 டிகிரி தாண்டிய வெயிலைக் குடித்த மொட்டை மாடித் தளம் நள்ளிரவு வரை அதைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். உடம்புச் சூடு குறையாமல் தூக்கம் பிடிக்காது, நீங்கள் எந்த முறையைப் பிடித்தாலும் சரி. நான் மழை விழுந்த பிறகுதான் ஆரம்பித்தேன். சாப்பிட்டதும் மதியம் ஒரு குட்டித் தூக்கம் போடும் பழக்கத்தை விட்டதுதான் எனக்குப் பட்டினியைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஆனால் இதில் நிறுத்துவதற்கு ஒன்றும் இல்லை. கல்யாணம், திருவிழா, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் குலைந்தால், மறுபடி அதே எழும் நேரத்தைப் பிடித்தால் போதும். ஒரு மோசமான இரவு வந்தாலும் அது அடுத்த நாள் இரவுக்குத்தான் தூக்கப் பசியைக் கூட்டுகிறது. மாத்திரையில் ஒரு மோசமான இரவு மெடிக்கலுக்குத் துரத்துகிறது. என்னை இந்தப் பக்கம் தள்ளிய கணக்கு இவ்வளவுதான்.

எல்லாருக்கும் இது ஆகாது. வலிப்பு நோய் உள்ளவர்கள், இருமுனை மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் தூக்கத்தைச் சுருக்கிப் பார்க்கவே கூடாது. லாரி, பஸ் ஓட்டுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். சிப்காட்டிலும் ஆம்பூர்த் தோல் ஆலைகளிலும் வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுகிறவருக்கு ஒரே எழும் நேரம் என்பதே நடக்காத காரியம். அவருக்கு நான் அலாரத்தைச் சிபாரிசு செய்ய மாட்டேன். எந்த ஷிப்டுக்கு எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிய மெலடோனினும், பகலில் தூங்கும் அறை ஜன்னலுக்குக் கனத்த துணியும்தான் பொருந்தும்.