டிரைடெண்டா, 727ஆ?

அலமாரியில் ஒரு விமான மாடலுக்குத்தான் இடம் இருந்தது. பிரிட்டிஷ் டிரைடெண்டா, போயிங் 727ஆ என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் டிரைடெண்டை வாங்கி ஒட்டி முடித்தேன். பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான், வாலில் மூன்று எஞ்சின். வேகம், தூரம் எல்லாம் கிடக்கட்டும், விஷயம் எஞ்சின் அளவில் இருக்கிறது.

டிரைடெண்டுக்காக டி ஹாவிலண்ட் நிறுவனம் முதலில் வரைந்தது 111 பேர் போகும் விமானம். அதற்கு ரோல்ஸ் ராய்ஸின் மெட்வே எஞ்சின், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 14,000 பவுண்டு தள்ளும். 1959இல் பயணிகள் கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் பிரிட்டிஷ் யூரோப்பியன் ஏர்வேஸ் பயந்துபோய், சின்னதாகச் செய்து கொடுங்கள் என்றது. கையில் இருந்ததே அந்த ஒரு வாடிக்கையாளர்தான், 24 விமானத்துக்கு ஆர்டர், மறுத்துப் பேச முடியுமா? மெட்வே போய், 10,000 பவுண்டைக்கூட எட்டாத ஸ்பே எஞ்சின் வந்தது. உடம்பைக் குறைத்தால் பிறகு நீட்டிக்கொள்ளலாம், ஆனால் எஞ்சினையே குறைத்துவிட்டால் நீட்டிய உடம்பை எது தூக்கும்?

போயிங்கிடம் யுனைடெட், ஈஸ்டர்ன் என்று ஒன்றுக்கு இரண்டு அமெரிக்க விமான நிறுவனங்கள் கேட்டு நின்றன. மேட்டில் இருக்கும் டென்வர் நகரத்தின் உயரத்திலும் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்துக் குட்டை ஓடுபாதையிலும் ஏறியாக வேண்டும் என்பதால் மெட்வே அளவுக்கே 14,000 பவுண்டு தள்ளும் எஞ்சினைப் போட்டார்கள், பின்னால் 189 பேர் வரை நீட்டவும் முடிந்தது. டிரைடெண்டை நீட்டியபோதோ, மேலே ஏறுவதற்கென்றே வாலில் நாலாவதாக ஒரு குட்டி எஞ்சின் சொருக வேண்டிவந்தது. விமானிகள் வைத்த பட்டப்பெயர் 'கிரவுண்ட் கிரிப்பர்', தரையை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்வது.

இரண்டிலும் நான் ஏறியதில்லை, அதனால் இருக்கை சுகம் பற்றி எனக்கு வாய் இல்லை. மொத்தம் செய்தது 727இல் 1,832, டிரைடெண்டில் வெறும் 117. ஏர் சிலோன்கூட டிரைடெண்ட் ஒன்றே ஒன்றுதான் வாங்கியது.

அப்புறம் ஏன் டிரைடெண்ட்? லண்டன் மூடுபனியில் தானாகவே இறங்குவதற்காகச் செய்தது; 1965 ஜூன் 10 அன்று பயணிகளோடு சக்கரம் தானாகத் தரை தொட்டது. அந்தக் கருவிகளுக்கு இடம் விட்டு முன்சக்கரத்தை நடுவில் வைக்காமல் இடப்பக்கம் தள்ளி வைத்தார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் முதலில் பார்த்து, சக்கரத்தைக் கோணலாக ஒட்டிட்டீங்களே என்கிறார்கள்.