தாத்தாவின் ஜனதாவுக்குக் கிடைத்த நேர்த்தியான சர்வீஸ்

தாத்தா விட்டுச்சென்ற, சாவி கொடுத்து ஓட்டும் எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரத்தை மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சிறிய கடையொன்றில் பழுதுபார்க்கக் கொடுத்தேன். வேலை மிக நேர்த்தி.

கடைக்காரப் பெரியவர் பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு, இயந்திரத் தகட்டில் 0231 என்ற மாதிரி எண்ணும் 17 கற்கள் (சக்கரங்களின் உராய்வைக் குறைப்பவை) என்ற குறிப்பும் பொறிக்கப்பட்டிருப்பதை எனக்கும் காட்டினார். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு பெங்களூரில் கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கிய எச்.எம்.டி.யின் அசல் இயந்திரம்தான் அது. டயலுக்குப் புதிதாக வண்ணம் பூசிய ஜனதாக்கள் சந்தையில் ஏராளமாக விற்கப்படுவதால், முகப்பை மட்டும் பார்த்து எதையும் அசலென்று நம்பக் கூடாது என்றார். வாங்க நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

கடிகாரம் நின்றதற்கு முக்கியக் காரணம், பல்லாண்டுகளில் பசையாக இறுகிப்போன எண்ணெய். பாகங்களை முழுவதும் பிரித்துக் கழுவி, புதிய எண்ணெயிட்டு, கடிகாரத்தை ஓட்டும் சுருள்வில்லான, தளர்ந்த மெயின்ஸ்பிரிங்கையும் கீறல் விழுந்த கண்ணாடியையும் மாற்றினார். மங்கிய டயலை மட்டும், “பழைய நிறம் அப்படியே இருக்கட்டும், தம்பி” என்று தொடாமல் விட்டார்; அதற்காகவே அவரை மதிக்கிறேன்.

ரசீதில் மாற்றிய பாகங்களின் விவரம் இல்லாதது ஒரு குறை. இப்போது நாளுக்கு அரை நிமிடம் முந்துகிறது. இவ்வளவு பழைய கடிகாரத்துக்கு அது தாராளமாகப் போதும்.