லூப் டிடெக்டர் கார்டு: நாகர்கோவில் ரோட்டுக்குச் சரிப்படுமா?

டிராஃபிக் சிக்னலில் வண்டி வந்ததைக் கண்டுபிடித்துச் சொல்லும் இந்தக் கார்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தார் ரோட்டில் வெட்டிய காடியில் 3, 4 சுற்று ஒயர்; அதுதான் லூப். கார் மேலே வந்ததும் அதன் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, லூப்பின் இண்டக்டன்ஸ் (மின்தூண்டல் அளவு) குறையும், லூப்பில் ஓடும் மின்னோட்டத்தின் அதிர்வெண் ஏறும்; அதை வைத்துத்தான் கார்டு வண்டியை அறியும். எடையைப் பார்ப்பதே இல்லை; பலர் இன்னும் அப்படித்தான் நம்புகிறார்கள். குறைந்தபட்சப் பச்சை முடிந்த பிறகு, வண்டி வர வர, சிக்னலை மாற்றும் கண்ட்ரோலர் பச்சையை 2, 3 நொடி நீட்டும். வரத்து அறுந்தாலோ பச்சைக்கு வைத்த அதிகபட்ச நேரத்தைத் தொட்டாலோ அடுத்த பக்கத்துக்கு மாறும்.

டூவீலர்தான் தலைவலி. லூப் நடுவில் நிற்கும் ஸ்கூட்டரை லேசில் பிடிக்காது, ஒயர் மேலேயே நின்றால் பிடிக்கும். சென்சிட்டிவிட்டியை ஏற்றினால் பக்கத்து லேன் பஸ்ஸையும் சேர்த்துக்கொள்ளும். 8 வடிவில் ஒயர் சுற்றினால் இரண்டும் பெருமளவு குறையும்.

குமரிக்கு இரண்டு பருவமழை. சீலன்ட் பிளந்தால் தண்ணீர் இறங்கி, காலி ரோட்டிலும் வண்டி நிற்பதாகக் கார்டு சொல்லும். லூப் ஒயரைக் கார்டிலிருந்து கழற்றி 500 வோல்ட் மெக்கரில் (ஒயரின் இன்சுலேஷனை அளக்கும் கருவி) பாருங்கள். 100 மெகாஓமுக்குக் கீழே என்றால் ஒயரைச் சந்தேகப்படுங்கள். ரோட்டைச் சுரண்டித் தார் போடுகிறவர்கள் ஒயரை அறுப்பது தனிக்கதை. அடிக்கடி தோண்டும் ரோடென்றால், லூப்புக்குப் பதில் வண்டியைக் கண்டுபிடிக்கும் கேமராவே மேல், லென்ஸைத் துடைக்க ஆள் இருந்தால்.